மகதலேனாவின் வெள்ளை

மகதலேனா என்னை முதன்முதலாக எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு அவளுடைய அம்மா கேட்ட கேள்வி, பையனுக்குக் காசநோயா என்பதுதான். நான் அப்போது கோலாலம்பூர் பழைய ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா. வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சட்டைப் பொத்தான் பிதுங்க உட்கார்ந்திருந்தவன். படத்திலோ கன்னம் இரண்டும் குழி விழுந்து, கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புப் பள்ளங்கள் இருந்தன. தப்பு என் மேல் இல்லை. அவள் படச்சுருளைக் கழுவிய மருந்து அப்படி.

அவள் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த ஒரு ஃபிட்டரின் மகள். கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவில் இருட்டறை உதவியாளர் வேலை. தினமும் காலையில் என்னிடம் டிக்கெட் வாங்கிக்கொண்டு கிள்ளானுக்குப் போவாள். அங்கே நாள் முழுவதும் சிவப்பு விளக்கின் அடியில் நின்று, ஊரார் எலும்பைத் தொட்டியில் முக்கி எடுப்பாள். ஒரு வருடச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, யாரோ உபயோகித்த ஜப்பான் கேமரா ஒன்றை வாங்கினாள். எடுத்த சுருளைக் கடையில் கொடுக்க மனம் வரவில்லை. மதிய இடைவேளையில் எக்ஸ்ரே மருந்திலேயே கழுவிவிட்டாள். எலும்பையும் சதையையும் பிரித்துக் காட்டுவதற்கென்றே செய்த மருந்து மனித முகத்தைச் சும்மா விடுமா? அந்த வருடம் அவள் எடுத்த எல்லோரும், பங்குச் சாமியார் உட்பட, ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தவர்களைப் போலத்தான் இருந்தார்கள்.

நான் நேரில் போய், மாமியார் முன்னால் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டுக் காட்டிய பிறகுதான் கல்யாணப் பேச்சு நகர்ந்தது. அது 1978. என் பெயர் ஸ்டானிஸ்லாஸ். இந்தக் கதையில் எனக்குப் பெரிய வேலை கிடையாது, ஒரு பெரிய தப்பைச் செய்ததைத் தவிர.

கல்யாணமாகி நாங்களும் குவார்ட்டர்ஸில் குடியேறியதும் குளியலறை என் கையை விட்டுப் போனது. லேனா ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்தாள். கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கு வாங்கிய சிவப்புத் தாளை பல்பில் சுற்றினாள். எத்தனை சுற்றுச் சுற்றினால் புகைப்படத் தாள் கெடாது என்று ஒவ்வொரு சுற்றாகச் சோதித்துப் பார்த்தாள். எதையும் சோதிக்காமல் நம்ப மாட்டாள், அது எக்ஸ்ரே பிரிவு கொடுத்த பழக்கம். ஒரு படத்தைத் தாளில் போடுவதற்கு முன்னால் தாளைக் கீற்றுக் கீற்றாக நறுக்கி, ஒன்றுக்கு ஐந்து விநாடி, அடுத்ததற்குப் பத்து, அதற்கடுத்ததற்குப் பதினைந்து என்று வெளிச்சம் காட்டி, பின்னால் பென்சிலால் நம்பர் போட்டு, வரிசையாக வைத்துப் பார்ப்பாள். எது சரி என்று கீற்று சொல்ல வேண்டும். மனிதர் சொல்லும் அபிப்பிராயம் அவளுக்கு இரண்டாம் பட்சம்.

நான் துண்டோடு கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து "ரெண்டு நிமிஷம்" என்று குரல் வரும். அவளுடைய இரண்டு நிமிடத்தில் ஒரு ரயில் கிள்ளானுக்குப் போய்விடும். பல நாள் சாரோங்கைக் கட்டிக்கொண்டு வெளியே தெருக் குழாயில் குளித்திருக்கிறேன். குவார்ட்டர்ஸ் முழுக்க என் முதுகுக்கு ரசிகர்கள் உண்டு. கோபம் வரும், வந்திருக்கிறது. ஆனால் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, "சீக்கிரம் வாங்க, வருது" என்று அவள் கூப்பிடும்போது எல்லாம் போய்விடும். சோப்பு நுரையோடு உள்ளே நுழைவேன். வெறும் வெள்ளைத் தாள் மருந்தில் கிடக்கும். முதலில் ஒரு புருவம், பிறகு மூக்கு, பிறகு யாரோ ஒருவரின் முழுச் சிரிப்பு. நூறு தடவை பார்த்திருப்பேன். நூறு தடவையும் அவள் என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

இப்படி இருபத்தேழு வருடம். பகலில் எலும்பு, மாலையில் முகம். 2005இல் மருத்துவமனை எக்ஸ்ரேயைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியது. இருட்டறையில் சக்கர நாற்காலிகளை அடுக்கினார்கள். அவள் உடைந்துபோய் வருவாள் என்று நினைத்து, ஆறுதலுக்கு ஒரு கேக் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கைப்பையை ஆட்டிக்கொண்டே வந்து சேர்ந்தாள். இனிமேல் கை நாறாது என்றாள். பாதி கேக்கைத் தின்றுகொண்டே டிஜிட்டல் கேமராக்களின் விலைப் பட்டியலைக் காட்டினாள். அடுத்த மாதமே ஒன்று வீட்டுக்கு வந்தது.

பழக்கம் மட்டும் உடனே போகவில்லை. மெமரி கார்டு மாற்ற வேண்டுமென்றால் திரைச்சீலையை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்து, கேமராவைப் போர்வைக்குள் கொண்டுபோய்த் தடவித் தடவி மாற்றுவாள். வெளிச்சம் பட்டால் கார்டு கெடாது, அது படச்சுருள் இல்லை என்று நான் எடுத்துச் சொன்னேன். எதற்கு ரிஸ்க் என்று கேட்டாள். அந்தப் போர்வை வைபவம் ஒரு வருடம் நடந்தது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கம்ப்யூட்டரில் நிறம் திருத்தக் கற்றுக்கொண்டாள். ஐம்பத்தைந்து வயதில், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, தப்பு செய்து தப்பு செய்து கற்றாள். எங்கள் கோவில் பங்கில் திருமுழுக்கு, கல்யாணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் அவள்தான். ஒரு காசு வாங்க மாட்டாள். அவள் கேமராவில் விழாமல் எங்கள் பங்கிலிருந்து யாரும் மோட்சத்துக்குப் போக முடியாது என்று நானே பலரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

பிறகுதான் நீலம் வந்தது.

இரண்டு வருடங்களுக்கு முன் ஓர் ஈஸ்டர் திருவிழாப் படத்தில் முதலில் கவனித்தேன். கன்னியாஸ்திரீகளின் வெள்ளை முக்காடு, சொட்டு நீலம் கூடிப்போன வேட்டி மாதிரி இருந்தது. இதுதான் புது ஸ்டைல் போலும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்து ஒரு கல்யாணம், மணப்பெண்ணும் நீலம், கேக்கும் நீலம். சொல்லலாம் என்று பக்கத்தில் போய் நின்றேன். அவள் முணுமுணுப்பாகப் பாடிக்கொண்டே திரையில் நிறத்தை நகர்த்திக்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷமாக இருப்பவளிடம் போய் என்னத்தைச் சொல்ல? டீ வேண்டுமா என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அந்த வாரமே பங்கு அலுவலகத்திலிருந்து பெர்னிஸ் எனக்குப் போன் செய்தாள். ஞாயிறு அறிக்கைத் தாளைத் தயார் செய்கிற பெண், தங்கமான பிள்ளை.

"அங்கிள், ஆன்டி ஆபீசுக்கு அனுப்புற படம்லாம் நீலமா வருது. நான் இங்க லைட்டா சரி பண்ணிப் போட்டுடறேன். ஆன்டிகிட்ட சொல்லிடாதீங்க லா, பாவம், ஃபீல் பண்ணுவாங்க."

எனக்கு எவ்வளவு நிம்மதி! சொல்ல வேண்டிய வேலை என் தலையிலிருந்து இறங்கிவிட்டது. சரிம்மா என்றேன். அப்புறம் சாமியாருக்குத் தெரிந்தது, பாடகர் குழுவுக்குத் தெரிந்தது, கடைசியில் பாதிப் பங்குக்கும் தெரிந்தது. எல்லோரும் அன்பினால் வாயை மூடிக்கொண்டோம். லேனாவோ, அச்சாகி வந்த தாளைப் பார்த்துவிட்டு, அச்சகத்துக்காரன் என் வெள்ளையை மஞ்சளாக்கிவிட்டான் என்று திட்டுவாள். அடுத்த தடவை முன்னெச்சரிக்கையாக இன்னும் கொஞ்சம் நீலத்தைக் கூட்டி அனுப்புவாள். பெர்னிஸ் இன்னும் கொஞ்சம் குறைப்பாள். இரண்டு வருடம் இந்தக் கூத்து நடந்தது.

சென்ற ஜூனில் பெர்னிஸ் பிரசவ விடுப்பில் போனாள். அந்த மாதம்தான் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை. முப்பத்தெட்டுப் பிள்ளைகள், தலை முதல் கால் வரை வெள்ளை. லேனா ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாக எடுத்து, நான்கு நாள் உட்கார்ந்து நிறம் திருத்தி, நேராகப் பிரிண்ட் கடைக்கு அனுப்பிவிட்டாள். நடுவில் சரி செய்ய யாரும் இல்லை. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் முற்றத்தில் சட்டம் போட்ட படங்களை அவளே பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தாள். பெற்றோர் வாங்கினார்கள், பார்த்தார்கள், தேங்க்யூ ஆன்டி என்று சொல்லிவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எவலின் என்கிற தாய் மட்டும் திரும்பி வந்தாள். சுபாங் ஜெயாவில் கணக்காளராக இருக்கிறவள், மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறவள்.

"ஆன்டி, தப்பா நினைக்காதீங்க. என் பையன் ஐஸ் பெட்டியில வச்ச மீன் மாதிரி இருக்கான்."

லேனா படத்தை வாங்கிப் பார்த்தாள். வெள்ளை வெள்ளையாகத்தானே இருக்கிறது என்றாள். அவள் சுற்றிலும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், கடைசியில் என்னை. நான் செருப்பு வாரைச் சரி செய்யக் குனிந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் கேட்டாள்.

"நீங்க சொல்லுங்க. நீலமா இருக்கா?"

"கொஞ்சம்."

"எப்பருந்து?"

பொய் சொல்ல ஒரு விநாடி இருந்தது. ஆனால் அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை.

"ரெண்டு வருஷமா."

பெர்னிஸ் திருத்தியதையும் சொல்லிவிட்டேன். லேனா கத்தவில்லை, அழவில்லை. நாற்பத்தைந்து வருடத்தில் நான் பார்க்காத ஒரு நிதானத்தோடு கேமராவை எடுத்து, அதன் பேட்டரியைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். கேமராவைப் பூஞ்சை பிடிக்காத உலர் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். சாமியாருக்குப் போன் போட்டு, இனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். என்னிடம் ஒன்றுதான் சொன்னாள்.

"படம் கெட்டது பரவால்ல. நீங்க எல்லாரும் சேர்ந்து என்னைப் பாவம்னு நினைச்சீங்களே."

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் கேமரா இல்லாமல் இருப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. குவார்ட்டர்ஸை விட்டு வந்து நாங்கள் இருக்கும் மாடி வீட்டின் ஜன்னலுக்கு வெளியே மோனோரயில் போனால் தலையைத் திருப்பமாட்டாள். வெயில் சுவரில் விழுந்தால் பார்க்கமாட்டாள். அவள் இனிமேல் படமே எடுக்கமாட்டாளோ என்பதுதான் என் பயம். அதற்குக் காரணம் நானாகிவிட்டேனே என்பது அதைவிடப் பெரிய வலி.

ஆறாம் நாள் காலையில் பிரிண்டர் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், கொடியில் தொங்கிய என் வெள்ளைச் சட்டையைப் போனில் எடுத்த படம் ஒன்று, எட்டுப் பிரதி. முதலாவது மஞ்சள், எட்டாவது நல்ல நீலம், நடுவில் படிப்படியாக. பின்னால் பென்சிலில் நம்பர். எக்ஸ்ரே படம் கெட்டால் முதலில் மருந்து, அப்புறம் மெஷின், அப்புறம் படச்சுருள் என்று ஒவ்வொன்றாகச் சோதிக்காமல் யார் மேலும் பழி போடக்கூடாதாம். போனில் எடுத்தாலும் இதே கதைதான், ஆகவே கேமரா இல்லை, கம்ப்யூட்டரைச் சோதித்தாகிவிட்டது, பிரிண்டரும் ஆயிற்று என்றாள். அந்த ஞாயிற்றுக்குப் பிறகு என்னோடு அவள் பேசிய முதல் வார்த்தைகள் அவைதான்.

எட்டையும் ஜன்னலோரம் சாப்பாட்டு மேசையில் பரப்பினாள். எது வெள்ளை, ஒன்றைத் தொடுங்கள் என்றாள். நான் மூன்றைத் தொட்டேன். கீழே சாப்பாட்டுக் கடையில் வேலை பார்க்கும் ஷாஹுல் ஹமீது ரொட்டிப் பொட்டலம் கொடுக்க மேலே வந்தார். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஆள், சிக்கினார். அவரும் மூன்று. பெர்னிஸ் கைக்குழந்தையோடு மன்னிப்புக் கேட்க வந்தாள். மன்னிப்பெல்லாம் அப்புறம், முதலில் தொடு என்றாள் லேனா. அவளும் மூன்று. லேனா தானே தொட்டது ஏழு.

அப்புறம் செய்ததுதான் எங்கள் யாருக்கும் தோன்றாத காரியம். வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்த்தாள். ஐந்தைத் தொட்டாள். இடதை மூடி வலதால் பார்த்தாள். ஏழு. மறுபடி செய்தாள். ஐந்து, ஏழு. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

"கம்ப்யூட்டர் ரெண்டு கண்ணுக்கும் ஒண்ணுதானே. கோளாறு இங்க இருக்கு," என்று தன் கண்ணைத் தொட்டுக் காட்டினாள். "எனக்கு வேலை மறந்து போகல. கண்ணுல கேட்டரேக்ட் லா!"

கண்புரை வந்ததற்கு இவ்வளவு ஆனந்தப்பட்ட ஒரு ஜீவனை நான் பார்த்ததில்லை. பெர்னிஸின் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு ஹாலில் ஒரு சுற்றுச் சுற்றினாள். ஷாஹுல் ஹமீது, அக்காவுக்கு என்ன நல்ல செய்தி என்று என்னிடம் கேட்டார்.

கிள்ளான் கண் டாக்டர் பரிசோதித்துவிட்டு அதையே சொன்னார். கண்ணுக்குள் இருக்கும் வில்லை மஞ்சளாகிவிட்டது, அதனால் வெள்ளை அவளுக்கு மஞ்சளாகத் தெரிகிறது, அதைச் சரிக்கட்டத்தான் நீலத்தை அள்ளிப் போட்டிருக்கிறாள். இரண்டு வருடம் முன்னாலேயே வந்திருக்கலாமே அம்மா, யாருமே கவனிக்கவில்லையா என்று கேட்டார். லேனா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் மனம் நோகக் கூடாதென்று நான் மூடிய வாய், அவள் கண்ணை இரண்டு வருடம் மூடி வைத்திருக்கிறது. அன்று ரயிலில் திரும்பும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் முகம் ஜன்னல் பக்கமே இருந்தது.

வலது கண்ணுக்கு முதலில் அறுவை செய்தார்கள், கேமராவில் வைக்கிற கண் அது. மறுநாள் காலை கட்டைப் பிரித்தபோது நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். சுவரைப் பார்த்தாள், நர்ஸின் தொப்பியைப் பார்த்தாள், பிறகு என்னை மேலும் கீழுமாகப் பார்த்தாள். உங்கள் சட்டை நீலமா என்றாள். ஆமாம் என்றேன். நான் பச்சை என்றல்லவா நினைத்திருந்தேன், பச்சைச் சட்டை பச்சைச் சட்டை என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், அதையும் நீங்கள் திருத்தவில்லையே என்றாள். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரைத் திறந்து, இரண்டு வருடப் படங்களை ஒன்றொன்றாக ஓட்டினாள். நீல மணப்பெண், நீலச் சாமியார், நீலக் குழந்தை இயேசு. மாதாவுக்கு மட்டும் இது பொருத்தமாக இருக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்து, புதுக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டாக்டர் தேய்க்கக் கூடாதென்றதால் நான்தான் கன்னத்தைத் துடைத்துவிட்டேன். பிறகு அவளே எழுந்து போய் உலர் பெட்டியைத் திறந்தாள்.

சாமியார் அதற்குள் வேறு ஆளிடம் பேசி வைத்திருந்தார். ஒரே ஒரு ஞாயிறு எனக்குக் கொடுங்கள், முப்பத்தெட்டுப் பிள்ளைகளையும் மறுபடி எடுக்கிறேன் என்று லேனா கேட்டாள். அவர் தயங்கிவிட்டு ஒப்புக்கொண்டார். பெற்றோர் வருவார்களா என்பதுதான் கேள்வி. வரவில்லையென்றால் அவள் அந்தப் பெட்டியை மறுபடி திறக்கமாட்டாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கோவில் முகப்பின் நிழலில் வந்து நின்றவர்கள் முப்பத்தொரு பிள்ளைகள். இரண்டு மாதத்தில் ஒருவனுக்குக் கால்சட்டை கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. ஒருத்திக்கு முன்பல் இரண்டும் போயிருந்தன. எவலினும் மகனோடு வந்திருந்தாள், முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு. லேனா எல்லோரையும் படிக்கட்டில் நிறுத்தி முதலில் ஒரு குழுப்படம் எடுத்தாள். எடுத்ததும் கேமராவின் முதுகுத் திரையை என் பக்கம் திருப்பினாள்.

"வெள்ளையா இருக்கா?"

முற்றம் முழுவதும் என்னைப் பார்த்தது. படத்தில் பிள்ளைகள் நீலமாக இருந்தார்கள். நல்ல நீலம். நன்றாக இருக்கிறது என்ற வார்த்தை நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது. இரண்டு வருடப் பழக்கம் அல்லவா. அத்தனை பேர் முன்னால் அவளைத் தலைகுனிய வைப்பதா? அவள் கேமராவை இறக்காமல் காத்திருந்தாள்.

"இல்ல, லேனா. நீலமா இருக்கு," என்றேன். எல்லோருக்கும் கேட்டது.

"தெரியும்," என்றாள் அவள்.

விரல் ஏற்கெனவே திருகைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. நிழலில் எடுத்தால் நீலம் பூசிவிடும் வெயில் நிற அளவை, நிழலுக்கானதாக மாற்றிவிட்டு இன்னொரு படம் எடுத்துக் காட்டினாள். பொக்கைவாய்ச் சிறுமி வெள்ளை உடையில் சிரித்துக்கொண்டிருந்தாள். எவலின் எட்டிப் பார்த்துவிட்டு மகனின் சட்டைக் காலரைச் சரி செய்தாள்.

"இப்ப?"

"வெள்ளை."

"அப்ப இங்கயே, என் பக்கத்துலயே நில்லுங்க. எங்கயும் போயிடாதீங்க."

யாரோ டீ கொண்டுவந்து நீட்டினார்கள், வாங்கவில்லை. முப்பத்தோராவது பிள்ளை முடியும்வரை நான் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை.